யூரியா காற்றில் போவது ஏன்? – ஓர் எளிய கணக்கு

தென்காசி, செங்கோட்டை, குற்றாலம் பகுதிகளில் கார் நெல்லுக்கு நீர் தேங்கிய வயலில் யூரியாவை வீசுவது வழக்கம். 45 கிலோ மூட்டை ஒன்றில் தழைச்சத்து 20.7 கிலோ உள்ளது. இதில் ஒரு பகுதி பயிருக்குச் சேராமல் வாயுவாகப் போய்விடுகிறது. இந்த இழப்பைப் பெரிதும் நிர்ணயிப்பது வயல் நீரின் கார அமில நிலை, அதாவது பி.எச். ஆகும்.

யூரியா சில நாட்களில் அம்மோனியமாக மாறுகிறது. அம்மோனியம் களிமண்ணில் ஒட்டிக்கொள்ளும், ஆவியாகாது. அதிலிருந்து பிரியும் அம்மோனியா வாயுவாகும். இது வீரியம் குறைந்த காரம். இவ்விரண்டும் சேர்ந்த நீரை வேதியியலில் தாங்கல் கரைசல் என்பர்.

கணக்கிடும் முறை

25 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் இரண்டும் சம அளவில் இருந்தால் பி.எச். 9.25. அம்மோனியா 1 பங்குக்கு அம்மோனியம் 10 பங்கு இருந்தால் 8.25. 100 பங்கு இருந்தால் 7.25. விகிதம் பத்து மடங்கு மாறினால் பி.எச். ஓர் எண் மாறும்.

வயலில் இதைத் திருப்பிப் பார்க்க வேண்டும். நீரின் பி.எச். 7.25 என்றால் 101 பங்கில் 1 பங்கே வாயுவாகும் நிலையில் உள்ளது. 8.25 என்றால் 11-ல் 1 பங்கு, 9.25 என்றால் சரிபாதி. நீர் சூடேறினால் இன்னும் கூடும். வாயு வெளியேற வெளியேற, மீதியுள்ள அம்மோனியமும் அம்மோனியாவாக மாறிக்கொண்டே இருக்கும்.

பிற்பகலில் அதிக இழப்பு

வெயிலில் பாசி, நீரிலுள்ள கரியமில வாயுவை உறிஞ்சுவதால் பிற்பகலில் பி.எச். 9-க்கு மேலும் ஏறக்கூடும். இரவில் இறங்கிவிடும். சாரல் ஓய்ந்து வெயில் அடிக்கும் நாட்களில், செங்கோட்டைக் கணவாய் வழியாக வீசும் காற்று இவ்வாயுவை விரைவில் அகற்றி இழப்பைக் கூட்டுகிறது. பயிர் மூடாத இளம் பருவத்தில் கூடுதல் கவனம் தேவை.

செய்ய வேண்டியவை

1. நீரை வடித்துச் சேற்றில் யூரியாவை இட்டு, களைக்கருவியால் மண்ணுடன் கலந்து, மறுநாள் நீர் கட்டவும். மாலையில் இடுவது மட்டும் போதாது. இழப்பு அடுத்த சில நாட்களிலும் தொடரும்.

2. சாம்பல், சுண்ணாம்பு ஆகியவற்றுடன் யூரியாவைக் கலக்கக் கூடாது. அவை பி.எச்.சை உயர்த்தும்.

3. இப்போது கிடைக்கும் வேம்பு பூசிய யூரியா, அம்மோனியம் நைட்ரேட்டாக மாறுவதைத் தாமதப்படுத்தும். வாயு இழப்பைத் தடுக்காது. எனவே அதையும் மண்ணில் கலந்தே இட வேண்டும்.

4. பி.எச். காட்டும் தாளைக் காலை 7 மணிக்கும் பிற்பகல் 2 மணிக்கும் வயல் நீரில் நனைத்துப் பார்த்தால் வித்தியாசம் தெரியும்.