சாம்பிள் தந்தவனுக்கே ஆர்டர்

பின்னலாடை நகரத்துப் புதுத் தொழில்கள் – 9

1925-ஆம் ஆண்டு வாக்கில் குலாம் காதர் என்ற வியாபாரி பின்னல் இயந்திரங்களை வரவழைத்துத் திருப்பூரில் பனியன் தொழிலுக்குக் கால்கோள் செய்தபோது, அந்தச் சிற்றூர் பிற்காலத்தில் ஆண்டொன்றுக்கு முப்பதினாயிரம் கோடி ரூபாய்க்கு மேல் ஏற்றுமதி செய்யும் நகரமாக விரியும் என்று எந்த ஜோசியரும் சொல்லியிருக்க மாட்டார். அந்நகரத்தில் இன்று, தகப்பனார் பவர் டேபிளிலும் தாயார் செக்கிங்கிலும் ஒன்றரை ஷிப்ட் உழைத்து ஈட்டும் பணத்தில் கோயம்புத்தூரிலோ அவினாசியை அடுத்தோ ஒரு கல்லூரியில் கம்ப்யூட்டர் படிக்கும் பிள்ளைகள் வீதிக்கு நாலு பேர் இருக்கிறார்கள். அவர்களில் பெரும்பாலோருக்குக் கைப்பேசி விளையாட்டுகளில் உள்ள மோகம் ஊரறிந்தது. விளையாடுவதோடு நின்றுவிடாமல், அந்த விளையாட்டை ஆக்குகிற வித்தையையும் கற்றுக்கொள்ள வேண்டும் என்ற ஆசை உடையவர்களும் அவர்களுக்குள் இருக்கவே செய்கிறார்கள். இந்த வாரக் கட்டுரை அவர்களை உத்தேசித்தும், அவர்களைப் பெற்றவர்களை உத்தேசித்தும் எழுதப்படுகிறது.

இந்த வித்தையை உலகத்தின் தேர்ந்த நிபுணர்களிடத்தில், வீட்டிலிருந்தபடியே, ஒரு காசும் கொடுக்காமல், மாறாக உபகாரச் சம்பளம் பெற்றுக்கொண்டு கற்பதற்கு ஒரு மார்க்கம் இருபது ஆண்டுகளாகத் திறந்திருக்கிறது. 2005-ஆம் ஆண்டில் கூகுள் நிறுவனம் தொடங்கிய ‘சம்மர் ஆஃப் கோட்’ என்ற திட்டமே அது. மூலநிரலை யாவரும் படிக்கலாம், திருத்தலாம், பிறருக்கு வழங்கலாம் என்ற உரிமையோடு வெளியிடப்படும் மென்பொருள்களைத் திறந்த மூல மென்பொருள்கள் என்கிறோம். அத்தகைய மென்பொருள்களைப் பராமரிக்கும் ஸ்தாபனங்கள் தத்தமக்கு வேண்டிய வேலைகளை அறிவிக்கும். அவற்றை ஏற்றுச் செய்ய விரும்பும் புதியவர்கள் விண்ணப்பிப்பார்கள். தேர்ந்தெடுக்கப்பட்டவருக்கு அந்த ஸ்தாபனத்தின் அனுபவசாலி ஒருவர் வழிகாட்டியாக அமைவார். பணத்தை கூகுள் கொடுக்கும். முதல் ஆண்டில் சுமார் நானூறு மாணவர்களோடு தொடங்கிய இத்திட்டத்தில் இதுவரை நூற்றுக்கும் மேற்பட்ட நாடுகளைச் சேர்ந்த இருபதினாயிரத்துக்கும் அதிகமானோர் பங்குகொண்டிருக்கிறார்கள். 2022 முதல், மாணவராக இருக்க வேண்டும் என்ற நிபந்தனையும் தளர்ந்து, பதினெட்டு வயது நிரம்பிய, இத்துறைக்குப் புதியவரான எவரும் விண்ணப்பிக்கலாம் என்றாகிவிட்டது. வேலையின் அளவு 90, 175, 350 மணி நேரம் என மூன்று வகை. உபகாரச் சம்பளம் அந்தந்த நாட்டு வாழ்க்கைச் செலவை அனுசரித்து நிர்ணயிக்கப்படுவதால் நம் நாட்டவருக்குக் கிடைப்பது வரிசையின் கீழ்ப்படியில் இருக்கும் தொகைதான். ஆயினும் 175 மணி நேர வேலைக்கு 1,500 டாலர் என்பது ஒரு மாணவனுக்கு அற்பத் தொகையாகாது.

இவ்வளவு அனுகூலங்கள் உள்ள இடத்தில் போட்டியும் இருக்கத்தானே செய்யும்! 2025-ஆம் ஆண்டில் பதினையாயிரத்துக்கு மேற்பட்டோர் விண்ணப்பித்ததில், இடம் பெற்றவர்கள் சுமார் 1,280 பேர். பன்னிரண்டு பேருக்கு ஒருவர் என்று வைத்துக்கொள்ளலாம். இந்தக் கணக்கைக் கேட்டவுடனேயே நம் பெற்றோர்களும் பிள்ளைகளும், இது ஐ.ஐ.டி.யில் படிப்பவர்களுக்கு உரியது, நமக்கு எட்டாதது என்று ஒதுங்கிவிடுவதைப் பார்க்கிறோம். மதிப்பெண் பட்டியலையும் கல்லூரியின் பெயரையும் முன்வைத்தே எந்த வாய்ப்பும் பங்கிடப்படும் என்று பழகிவிட்ட நமக்கு அப்படித் தோன்றுவது இயல்பே. ஆனால் இந்த விஷயத்தில் தேர்வு நடக்கும் முறை வேறு. அதைப் புரிந்துகொள்ள ஒரு திருப்பூர்க்காரருக்குத் தனிப் பாடம் எதுவும் வேண்டியதில்லை.

வெளிநாட்டு பையர் ஒருவர் ஆர்டர் கொடுக்கும் விதத்தை எண்ணிப் பாருங்கள். கம்பெனியின் கட்டடம் எத்தனை மாடி, முதலாளி எந்தப் பள்ளியில் படித்தார் என்றெல்லாம் அவர் விசாரித்துக்கொண்டிருப்பதில்லை. முதலில் சாம்பிள் கேட்கிறார். போன சாம்பிள், கழுத்துப் பட்டை அரை அங்குலம் அதிகம், தோள் தையல் நேராக இல்லை, துணியின் ஜி.எஸ்.எம். குறைவு என்ற குறிப்புகளோடு திரும்பி வருகிறது. மெர்ச்சண்டைசர் அதற்காக மனம் நோகாமல், பேட்டர்ன் மாஸ்டரைக் கூப்பிட்டுத் திருத்தி மறுபடியும் அனுப்புகிறார். இரண்டாவதோ மூன்றாவதோ முறையில் ‘அப்ரூவல்’ வந்த பிறகுதான் துணி கட்டிங் மேஜைக்கே ஏறுகிறது. திறந்த மூல உலகத்திலும் அச்சொட்டாக இதுவே சம்பிரதாயம். விண்ணப்பம் எழுதுவதற்குப் பல மாதங்களுக்கு முன்பே, மாணவன் அந்த மென்பொருளைத் தன் கணினியில் இறக்கி, இயக்கிப் பார்த்து, பிழைப் பட்டியலிலிருந்து சிறிய பிழை ஒன்றைத் தேர்ந்து, அதற்குரிய திருத்தத்தை அனுப்ப வேண்டும். அது குறிப்புகளோடு திரும்பி வரும். இந்த மாறியின் பெயர் எங்கள் மரபுப்படி இல்லை, இந்தத் திருத்தம் வேறோரிடத்தைக் கெடுக்கிறது, சோதனை நிரல் எங்கே என்று கேட்பார்கள். முகம் வாடாமல் திருத்தி மறுபடியும் அனுப்புகிறவனைத்தான் வழிகாட்டிகள் நினைவில் வைத்துக்கொள்கிறார்கள். அவர்களில் பலர் தங்கள் சொந்த வேலை நேரம் போக மிச்ச நேரத்தை இதற்குக் கொடுப்பவர்கள். மூன்று மாதம் தம்மோடு இணங்கி உழைக்கக்கூடிய ஒருவனைத் தேடுகிறார்களே ஒழிய, தங்கப் பதக்கம் வாங்கியவனைத் தேடவில்லை.

விளையாட்டு நிரல் என்றதும் துப்பாக்கியும் மோட்டார்ப் பந்தயமுமாகச் சித்திரம் தீட்டிக்கொண்டு போகிறவனுக்கு முதலில் சற்று ஏமாற்றம் உண்டாகலாம். இத்துறையில் ஒரு விண்ணப்பதாரனுக்குக் கிட்டும் வேலை பெரும்பாலும் விளையாட்டின் அடித்தளத்தைச் சார்ந்தது. பழைய விளையாட்டுகளை இன்றைய கணினிகளில் ஓடச் செய்யும் ‘ஸ்கம்வீஎம்’ 2001-இல் தோன்றி, 2007 முதல் இத்திட்டத்தில் மாணவர்களை ஏற்றுவரும் ஒரு முயற்சி. அங்கே மாணவனுக்கு அகப்படுவது, எழுதியவர்கள் மறந்துவிட்ட ஒரு பழைய விளையாட்டின் உள்ளமைப்பைத் துப்பறிந்து மறுபடி எழுதும் பணி. பைத்தான் மொழியில் விளையாட்டு எழுதுவோருக்குப் பழக்கமான ‘பைகேம்’ 2000-ஆம் ஆண்டு முதல் வளர்ந்துவருவது. நம் கல்லூரிகளில் பைத்தான் பாடமாக இருப்பதால், அதன் மூலநிரலுக்குள் புகுவது பலருக்கும் எளிது. அர்ஜென்டினாவைச் சேர்ந்த ஹுவான் லினியெட்ஸ்கி, ஆரியல் மன்சூர் என்ற இருவர் ஆக்கி, 2014-இல் உலகத்துக்குத் திறந்துவிட்ட ‘கோடோ’ என்ற கேம் இன்ஜினும் 2019, 2020 ஆண்டுகளில் இத்திட்டத்தில் பங்கேற்றிருக்கிறது.

கோடோவின் சரித்திரத்தில் தமிழர்களுக்கு நேரடியாகச் சம்பந்தமுள்ள ஓர் அத்தியாயம் உண்டு. ‘கொ’ என்ற எழுத்தை எடுத்துக்கொண்டால், கணினியின் நினைவகத்தில் முதலில் ககரமும் பிறகு உயிர்க்குறியும் வரிசையாக இருக்கின்றன. திரையில் எழுதும்போதோ அந்தக் குறி இரண்டாகப் பிரிந்து ஒரு பாதி எழுத்துக்கு முன்னும் மறுபாதி பின்னும் நிற்க வேண்டும். ஆங்கிலத்தைப் போல எழுத்துகளை இடமிருந்து வலமாக ஒவ்வொன்றாக அடுக்குவதோடு திருப்தியடையும் இன்ஜின் இதைச் செய்யாது. கோடோவின் மூன்றாம் பதிப்பு வரையில் தமிழ் வாக்கியங்கள் திரையில் கொம்பும் காலும் இடம் மாறிச் சிதைந்தே வந்தன. 2023 மார்ச் மாதம் வெளிவந்த நான்காம் பதிப்பில், ‘ஹார்ஃப்பஸ்’ என்ற எழுத்தமைப்பு நூலகத்தைத் துணைக்கொண்டு இந்தக் குறை நீக்கப்பட்டது. அதனால் தமிழும் இந்தியும் அரபியும் ஒரே நாளில் வாழ்வு பெற்றன. ஒரு மாணவன் இதிலிருந்து அறிந்துகொள்ள வேண்டியது, தன் தாய்மொழிக்கு நேரும் இடைஞ்சல் எதுவோ அதுவே தன்னுடைய விண்ணப்பத்துக்குத் தக்க பொருளாகலாம் என்பதாகும். பல திறந்த மூல விளையாட்டுகளில் தமிழ் இன்னும் சரியாகத் தோன்றாத இடங்கள் இருக்கும். அந்தப் பிழையை ஐரோப்பாவில் இருக்கும் ஒருவரால் கண்ணால் பார்த்தும் பிழையென்று கண்டுகொள்ள முடியாது, பல்லடத்திலோ காங்கயத்திலோ இருக்கும் பிள்ளைக்கோ முதல் பார்வையிலேயே தெரிந்துவிடும்.

இனி விண்ணப்பத்துக்கு வருவோம். தீர்க்க வேண்டிய பிரச்சினை இன்னது, அதைத் தீர்க்கும் உபாயம் இன்னது, எந்த வாரத்தில் எந்தப் பகுதி முடியும், முடிந்ததை எவ்வாறு சோதிப்பது, இதற்குமுன் நான் அனுப்பி ஏற்கப்பட்ட திருத்தங்கள் இவை என்ற ஐந்தையும் தெளிவாக எழுதினால் போதும். ஆங்கிலம் அலங்காரமாக இருக்க வேண்டுமென்ற அவசியமில்லை. பிழையின்றிச் சுருக்கமாக இருந்தால் நலம். இயந்திர மூளையிடம் எழுதி வாங்கி அப்படியே அனுப்பும் வழக்கம் இப்போது பெருகியிருக்கிறது. உள்ளே சரக்கில்லாத அத்தகைய விண்ணப்பங்களை வழிகாட்டிகள் எளிதில் கண்டுகொள்கிறார்கள். மற்றோர் எச்சரிக்கையும் உண்டு: இத்திட்டம் விண்ணப்பதாரரிடம் கட்டணம் வாங்குவதே இல்லை, இதில் இடம் வாங்கித் தருவதாகச் சொல்லி எவர் பணம் கேட்டாலும் அவர் ஏமாற்றுக்காரர் என்று நிச்சயமாகக் கொள்ளலாம்.

நாள்களைப் பற்றியும் யோசிக்க வேண்டும். திட்டத்தின் பெயரில் உள்ள கோடை ஐரோப்பா, அமெரிக்காவின் கோடை. நம் மாணவர்களுக்கு விடுமுறை சித்திரை, வைகாசியில். வேலை தொடங்குவதோ மே மாதக் கடைசியில் அல்லது ஜூனில். ஆக, வேலையின் பெரும்பகுதி கல்லூரி திறந்து, வகுப்பும் அகமதிப்பீட்டுத் தேர்வும் நடக்கிற மாதங்களில் வந்து விழுகிறது. 350 மணி நேர வேலைக்கு ஆசைப்பட்டு இரண்டையும் கெடுத்துக்கொள்வதைவிட, 90 அல்லது 175 மணி நேர வேலையை எடுத்துச் செவ்வையாக முடிப்பது விவேகம்.

ஒரு சாதாரணத் தேசத்துக் கல்லூரி இதில் எவ்வளவு தூரம் போக முடியும் என்பதற்கு நம் அண்டையிலேயே பிரசித்தமான உதாரணம் இருக்கிறது. கொழும்புக்குத் தெற்கே உள்ள மொறட்டுவைப் பல்கலைக்கழகம், இத்திட்டத்தின் முதல் பத்தாண்டுகளில் அதிக மாணவர்களை அனுப்பிய பல்கலைக்கழகமாக உலகத்திலேயே முதலிடத்தில் நின்றது. உள்நாட்டு யுத்தத்தின் நிழலில் இருந்த ஒரு சிறு தீவில் இது நிகழ்ந்ததற்குக் காரணங்கள் உண்டு. சஞ்சீவ வீரவரண முதலியோர் 2003-இல் லங்கா சாஃப்ட்வேர் ஃபவுண்டேஷனை நிறுவி, திறந்த மூலப் பணியில் இளைஞர்களை ஈடுபடுத்தியிருந்தார்கள். 2004 டிசம்பரில் சுனாமி தாக்கியபோது, காணாமற்போனவர்களையும் முகாம்களையும் நிவாரணப் பொருள்களையும் கணக்கில் வைக்க ‘சஹானா’ என்ற மென்பொருளை அங்குள்ள தொண்டர்கள் சில வாரங்களுக்குள் எழுதினார்கள். பிற்பாடு அது வேறு நாடுகளின் பேரிடர்களிலும் பயன்பட்டது. இவற்றால் அங்கே ஒரு பரம்பரை உண்டாயிற்று. ஓராண்டு தேர்வானவர் மறு ஆண்டு தம் இளையவரின் விண்ணப்பத்தை வாசித்துத் திருத்துவார். அவர் அதற்கடுத்த ஆண்டு இன்னொருவருக்கு. கேரளத்தில் அமிர்தா பல்கலைக்கழகத்தின் அமிர்தபுரி வளாகத்து மாணவர் சங்கம் இத்திட்டத்தில் பெற்ற வெற்றிக்கும் இதே ஏற்பாடுதான் ஆதாரம்.

நம் மாகாணத்தில் சாதனங்களுக்குக் குறைவில்லை. 2005-இல் சென்னையில் திறந்த மூல மென்பொருளுக்கான தேசிய வள மையம் ஏற்பட்டது. சென்னை சி-டாக் நிறுவனம் ‘பாஸ்’ லினக்ஸை உருவாக்கியது. 2011 முதல் அரசாங்கமே மாணவர்கள் கையில் மடிக்கணினியைக் கொடுத்தது. 2012 முதல் ‘கணியம்’ மின்னிதழ் இவ்விஷயங்களைத் தமிழிலேயே எழுதிவருகிறது. திருப்பூர் வட்டாரத்தில் குறைவது கைபிடித்து அழைத்துச் செல்லும் மூத்தவர்தான். இந்தத் தொழில்நகரத்தில் தையல் பழகவரும் எந்தப் பிள்ளையும் ஒரு டெய்லருக்குக் கைமடியாக நின்றே தொழிலைக் கற்றிருக்க, கம்ப்யூட்டர் படிக்கும் பிள்ளையை மட்டும் தனியே விட்டுவிடுவது நியாயமாகாது. இவ்வூரிலிருந்து சென்னைக்கும் பெங்களூருக்கும் போய் மென்பொருள் உத்தியோகத்தில் இருப்பவர்கள், தாம் படித்த கல்லூரிக்கு மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து, பத்துப் பிள்ளைகளை உட்கார வைத்து, முதல் திருத்தத்தை அனுப்பும் வரையில் உடனிருந்தால் போதும். அதற்குக் கட்டடமோ மானியமோ வேண்டாம்.

பங்கேற்கும் ஸ்தாபனங்களின் பட்டியல் மாசியில் வெளியாகும். விண்ணப்பம் பங்குனியில் முடியும். அதற்குமுன் சாம்பிள் தயாராக வேண்டுமானால், மாணவர்கள் ஐப்பசியிலேயே வேலையைத் தொடங்கிவிட வேண்டும்.

(தொடரும்)