பூங்கா நுளம்புகள் தரும் முன்னெச்சரிக்கை

நுளம்பு என்றதும் அதனை ஒழிப்பது பற்றியே நாம் சிந்திக்கின்றோம். ஆனால் அதனைப் பிடித்து, இனம் பிரித்து, அதனுடலில் வைரஸ் உள்ளதா என ஆராய்வது, நோய் மனிதரிடையே பரவுமுன் எச்சரிக்கை பெறும் வழியாகும். தேங்கிய நீர், மரப்பொந்துகள், பறவைகள், மக்கள் நடமாட்டம் ஆகியன ஒருங்கே அமைந்த நகரப் பூங்காக்கள் இதற்கு மிகவும் பொருத்தமான இடங்களாகும்.

1999 ஆம் ஆண்டு கோடையில் நியூயோர்க்கில் காகங்கள் பெருமளவில் இறந்தன. குயின்ஸ் பகுதியில் சிலர் மூளை அழற்சிக்கு உள்ளாகினர். முதலில் வேறொரு நோயெனக் கருதப்பட்ட இது, அமெரிக்கக் கண்டத்தில் அதுவரை அறியப்படாத மேற்கு நைல் வைரஸினால் ஏற்பட்டதெனப் பின்னரே தெரியவந்தது. அவ்வாண்டில் அந்நகரிலும் அயற்பகுதிகளிலும் 62 பேர் நோயுற்றதுடன் 7 பேர் உயிரிழந்தனர்.

மறு ஆண்டு நிலைமை வேறாக இருந்தது. 2000 ஜூலையில் சென்ட்ரல் பார்க்கில் பிடிக்கப்பட்ட நுளம்புகளில் அவ்வைரஸ் கண்டறியப்பட்டதும், அன்று மாலை நடைபெறவிருந்த இசை நிகழ்ச்சி இரத்துச் செய்யப்பட்டு, பூங்கா மூடப்பட்டு, மருந்து தெளிக்கப்பட்டது. இம்முறை எச்சரிக்கை விடுத்தவை பொறியில் சிக்கிய நுளம்புகளே.

இப்பொறிகள் பலவகைப்பட்டன. உலர் பனிக்கட்டியிலிருந்து வெளியேறும் காபனீரொட்சைட்டு, மனித மூச்சைப் போன்று நுளம்பை ஈர்க்கும். துர்நாற்றமுள்ள நீர் வைக்கப்பட்ட பொறி, முட்டையிட வரும் பெண் நுளம்புகளைப் பிடிக்கும். இவை ஏற்கனவே இரத்தம் குடித்தவையாதலால் வைரஸைக் கொண்டிருக்கும் வாய்ப்பு அதிகம். பிடிபட்டவை இனவாரியாகப் பிரிக்கப்பட்டு, சிறு தொகுதிகளாகப் பரிசோதிக்கப்படும்.

இனம் அறிவது ஏன் அவசியம்? மேற்கு நைல் வைரஸைப் பறவைகளிடமிருந்து பெறும் கியூலெக்ஸ் நுளம்பு, அசுத்த நீரில் பெருகி இரவில் கடிப்பது. டெங்கைப் பரப்பும் ஈடிஸ் நுளம்போ சிறு கொள்கலன்களின் நீரில் பெருகிப் பகலில் கடிப்பது. ஒன்றுக்கான நடவடிக்கை மற்றதற்குப் பயன்படாது போகலாம்.

டோக்கியோவின் யோயோகி பூங்கா மற்றொரு பாடமாகும். சுமார் 70 ஆண்டுகளாக உள்ளூரில் டெங்கு பரவாதிருந்த ஜப்பானில், 2014 இல் ஏறத்தாழ 160 பேர் அந்நோய்க்கு உள்ளாகினர். அவர்களுட் பெரும்பாலானோர் அப்பூங்காவுடன் தொடர்புடையோராவர். பலர் நோயுற்ற பின்னரே நுளம்புகளில் வைரஸ் கண்டறியப்பட்டு, செப்டெம்பரில் பூங்காவின் பெரும்பகுதி மூடப்பட்டது.

2017 ஆம் ஆண்டில் மட்டும் 1 இலட்சத்து 86 ஆயிரத்துக்கும் அதிகமான டெங்கு நோயாளர்கள் பதிவான எமது நாட்டுக்கு இவ்விரு நகரங்களின் அனுபவமும் அந்நியமானதல்ல. வைத்தியசாலைக் கட்டில்கள் நிரம்பிய பின் கிடைக்கும் தகவல் கணக்கெடுப்புக்கு உதவும். பொறியில் சிக்கும் நுளம்பு தரும் தகவலோ உயிர் காக்க உதவும்.