பலூன் கம்பெனியின் பெயர் மட்டையில் ஏறியது எப்படி?

இண்டூரில் கிரிக்கெட் ஆடும் பையனைக் கேட்டுப் பாருங்கள். "எம்.ஆர்.எப். மட்டை வேண்டும்" என்பான்!

எம்.ஆர்.எப். எது தெரியுமா? டயர் கம்பெனி! 1946-ம் ஆண்டில் சென்னை திருவொற்றியூரில் ஒரு சிறு கொட்டகை. அங்கே மாம்மன் மாப்பிள்ளை என்பவர் பொம்மை பலூன் செய்யத் தொடங்கினார். அதுவே பின்னர் பெரிய டயர் கம்பெனியாக வளர்ந்தது.

டயருக்கும் கிரிக்கெட்டுக்கும் என்ன உறவு?

வெறும் மட்டை

1996-ல் உலகக் கோப்பைப் போட்டி நடந்தது. தெண்டுல்கர் 523 ரன் குவித்தார். வேறு எவரும் அவ்வளவு எடுக்கவில்லை. அவர் மட்டையிலோ எந்தக் கம்பெனியின் பெயரும் இல்லை!

எம்.ஆர்.எப். சும்மா இருக்குமா? அவருக்குப் பணம் கொடுத்தது. தன் பெயரை மட்டையில் ஒட்டச் செய்தது. அவர் பந்தை அடிக்கும்போதெல்லாம் டெலிவிஷனில் அந்த மூன்று எழுத்துக்களும் தெரிந்தன. பிற்காலத்தில் கோலியின் மட்டையிலும் அதே பெயர்!

புதிதாகக் கடை விரிக்கும் விளையாட்டுச் சாமான் கம்பெனிகளுக்கும் இதுதான் வழி. பெயர் பெற்ற ஆட்டக்காரரைப் பிடித்தால், சரக்கு தானாக விற்கும்.

எதைப் பார்த்து வாங்குவது?

ஆனால் ரன் எடுத்தது ஒட்டிய எழுத்து அல்ல, ஆட்டக்காரரின் கை!

பெற்றோர்களே! மட்டையைப் பிள்ளையின் கையில் கொடுங்கள். சிரமம் இல்லாமல் வீச முடிகிறதா? உயரத்துக்குப் பொருந்துகிறதா? மரத்தில் விரிசல் உண்டா? பாருங்கள்.

ரப்பர் பந்து ஆடும் பிள்ளைக்கு விலை உயர்ந்த மட்டை தேவை இல்லை. மரத்துக்குப் பணம் கொடுங்கள். பெயருக்குக் கொடுக்காதீர்கள்!