பழைய கதவுக்கு அருகில் புதிய நிலை



வீட்டில் ஒரு திருமணம் நெருங்கும்போதுதான் ஓர் அறை கூடுதலாகத் தேவைப்படுகிறது. புதிய வீடு கட்ட வசதி இடங்கொடுப்பதில்லை. ஆகவே பழைய வீட்டோடு ஓர் அறையை ஒட்டிக் கட்டுகிறோம். சுவரும் தரையும் எப்படியோ பொருந்திவிடுகின்றன. மரம் மட்டும் பொருந்த மறுக்கிறது.

செங்கற்பட்டில் எங்கள் வீட்டிலும் அதுவே நிகழ்ந்தது. மூன்று ஆண்டுகளுக்கு முன் இளைய தம்பியின் திருமணத்துக்காகக் கூடத்தை ஒட்டி ஓர் அறை எழுப்பினோம். கூடத்தில் இருப்பது பாட்டனார் வைத்த பர்மா தேக்கு நிலைக்கதவு. ஆழ்ந்த பழுப்பு நிறம். நான்கடி தள்ளி வந்து நின்ற புதிய தேக்கு நிலையோ வெளிறிய மஞ்சள். "ஹஜ்ரத், பழையதை நன்றாக இழைத்துவிட்டால் இரண்டும் ஒன்றாகிவிடும்" என்றார் ஆசாரி. செலவு குறைவென்று நானும் தலையசைத்தேன். அம்மா எழுந்து வந்தார். அந்த நிலைச்சட்டத்தில் எங்கள் மூவரின் உயரத்தையும் ஆண்டுதோறும் அத்தா கத்தி முனையால் கோடிட்டு வைத்திருந்தார். "ஆசாரி, இந்தக் கோடுகள் போய்விட்டால் மறுபடி யார் போட்டுத் தருவார்? போட்டவர் இன்று இல்லையே" என்றார். வேலை அன்றோடு நின்றது.

அந்த வாரம் முட்டுக்காட்டில் உள்ள தட்சிணசித்ராவுக்குச் சென்றேன். சென்னையிலிருந்து மாமல்லபுரம் செல்லும் கிழக்குக் கடற்கரைச் சாலையில், 1996இல் திறக்கப்பட்ட அருங்காட்சியகம் அது. தென்னாட்டின் பழைய வீடுகள் சிலவற்றைப் பிரித்துக் கொண்டுவந்து மீண்டும் நிறுத்தியிருக்கிறார்கள். செட்டிநாட்டு வணிகர் வீடு உண்டு. சிக்கமகளூரிலிருந்து வந்த முஸ்லிம் குடும்ப வீடும் உண்டு. தூணையும் கதவையும் நெடுநேரம் பார்த்து நின்றேன். பழைய மரம் பழையதாகவே இருக்கிறது. அதுவே அவ்வீடுகளுக்கு அழகு.

திரும்பி வந்து ஆசாரியோடு அமர்ந்து பேசினேன். அவரும் நல்ல தொழிலாளி, அவசரப்படுத்தியது நாங்கள்தாம். அன்று முடிவு செய்து நாங்கள் செய்தவற்றை உங்களுக்கும் சொல்கிறேன்.

முதலில் பழைய மரத்தை அறிந்துகொள்ளுங்கள். நன்கு பிழிந்த ஈரத்துணியால் துடைத்து உடனே உலர்த்துங்கள். பல ஆண்டுப் புகையையும் எண்ணெய்ப் பிசுக்கையும் நிறமென்று எண்ணி, அதற்கு ஈடாகப் புதியதைக் கறுக்கடித்துவிடுவோர் உண்டு. பின்னர் மறைவான மூலையில் ஒரு சொட்டு ஸ்பிரிட் விட்டுச் சற்றுப் பொறுத்துத் துணியால் தேயுங்கள். பிசுபிசுத்துப் பழுப்பாகத் துணியில் ஒட்டினால் அது அரக்கைக் கரைத்துப் பூசிய பிரெஞ்சு பாலிஷ். அதன்மீது இக்கால வார்னிஷைப் பூசினால் சரியாகப் பிடிக்காமல் உரிந்துவிடக்கூடும். அரக்கின்மேல் அரக்கே ஒட்டும். ஆனால் அரக்கு ஈரத்தைத் தாங்காது, வெளுத்துவிடும். ஆதலால் கோவளம் முதல் மாமல்லபுரம் வரை கடலைப் பார்த்த வாசல்களுக்கு அது உதவாது. அங்கே இரும்பு ஆணியும் வேண்டாம். பித்தளைத் திருகாணியே நல்லது.

அடுத்து நிறம். பர்மா என்று நாம் பழகிய மியான்மர் நாடு 2014 ஏப்ரல் முதல் மரத்தடிகளாக ஏற்றுமதி செய்வதை நிறுத்திவிட்டது. இன்று கிடைப்பதில் பெரும்பகுதி தோட்டத் தேக்கு; இளமரம். வயிரம் பாயாத வெளுத்த ஓரப்பகுதி அதில் அதிகம். அந்த ஓரத்தை நீக்கிவிடச் சொல்லுங்கள். கரையான் முதலில் நாடுவது அதைத்தான். இழைத்த உடனே தேக்கு பச்சையும் மஞ்சளுமாகத் திட்டுத்திட்டாகத் தோன்றும். சில வாரங்கள் வெளிச்சம் பட்டால் தானே பழுப்பேறும். அதற்குமுன் சாயம் கலப்பது வீண்வேலை. கலக்கும்போதும் பழையதைவிட ஒரு சாயல் குறைவாகவே நிறுத்துங்கள். மீதியை நாட்கள் பார்த்துக்கொள்ளும். அதே மரத்தின் துண்டில், அதே உப்புத்தாளால் தேய்த்துப் பூசி, முற்றும் உலர்ந்தபின் பகல் வெளிச்சத்திலும் இரவு விளக்கிலும் பழைய கதவின் அருகே பிடித்துப் பாருங்கள். எங்களுக்கு நான்காவது துண்டில்தான் மனம் நிறைந்தது.

பலரும் கவனிக்கத் தவறுவது பீடிங். நிற வேறுபாட்டைக் காலம் குறைக்கும். வடிவ வேறுபாட்டை அது தொடாது. பழைய பீடிங் கை இழைப்புளியால் செதுக்கப்பட்டது. கடையில் விற்கும் ஆயத்தப் பீடிங் அதன் வளைவோடு ஒத்துவராது. அட்டையில் அதன் வடிவத்தை வரைந்து வெட்டி, அதன்படி புதிதாக இழைக்கச் சொன்னோம். அதற்கு இரண்டு நாள் கூலி கூடுதலாயிற்று. திருமணச் செலவுக்கிடையே அது எனக்கு உறுத்தத்தான் செய்தது. ஆனால் இன்று வீட்டுக்கு வருவோர் கண் முதலில் போவது அந்தப் பீடிங்கின் மீதுதான்.

இரண்டு நிலைகளுக்கும் இடையே இப்போதும் ஒரு சிறு சாயல் வேறுபாடு இருக்கிறது. கூர்ந்து பார்த்தால் தெரியும். அந்த நான்காவது துண்டின் பின்புறத்தில் சாயக் கலவையின் அளவை ஆசாரியே எழுதித் தந்தார். அம்மா அதைத் துணியில் சுற்றி, வீட்டுப் பத்திரங்களோடு அலமாரியில் வைத்திருக்கிறார்.