பத்தடி அறையிலும் பாண்டி ஆடலாம்

எண்ணூர் விரைவுச் சாலையிலும் திருவொற்றியூர் நெடுஞ்சாலையிலும் கன்டெய்னர் லாரிகள் ஓடும்போது பிள்ளைகளைத் தெருவில் விடப் பயப்படுவது நியாயம்தான். அதற்காக அஸரிலிருந்து இஷா வரை பிள்ளை செல்போனும் கையுமாகப் பாயில் கிடந்தால், உடம்பு கற்க வேண்டிய ஒரு பாடம் தள்ளிப்போகிறது.

அந்தப் பாடம் சமநிலை. காதின் உட்புறத்தில் திரவம் நிறைந்த மூன்று அரைவட்டக் குழாய்கள் இருக்கின்றன. தலை எந்தப் பக்கம் திரும்புகிறது என்பதை அவை மூளைக்குச் சொல்கின்றன. கண்ணும், மூட்டு தசைகளும் தங்கள் பங்குக்குச் செய்தி அனுப்புகின்றன. மூன்றையும் சேர்த்துத்தான் மூளை நம்மை விழாமல் நிறுத்துகிறது. ஒற்றைக் காலில் நின்று கண்ணை மூடிப் பாருங்கள், உடனே தள்ளாடும். மூன்றும் ஒத்துப்போகப் பழக்கம் வேண்டும். பிள்ளைகளுக்கு அந்தப் பழக்கம் விளையாட்டில்தான் வருகிறது.

நன்னிமார் ஆடிய பாண்டியை எடுத்துக்கொள்ளுங்கள். சில்லைக் குறிபார்த்துக் கட்டத்துக்குள் எறிய வேண்டும், கோட்டை மிதிக்காமல் நொண்டிப் போக வேண்டும், திரும்ப வேண்டும், ஒற்றைக் காலிலேயே குனிந்து சில்லை எடுக்க வேண்டும். காசு கொடுத்து வாங்கும் எந்தப் பொம்மையும் இத்தனையும் சேர்த்துத் தராது! தரையில் சாக்பீஸால் நாலு கட்டம் போட்டால் போதும். நொண்டியடிப்பது பெரும்பாலும் 5 வயதில் கைகூடும். அதற்குச் சின்னவர்கள் இரண்டு காலையும் சேர்த்துக் குதிக்கட்டும். வெறுங்காலோடு ஆடுவது நல்லது, தரை ஈரமில்லாமல் இருக்க வேண்டும்.

அஞ்சாங்கல்லில் கண் மேலே போன கல்லைப் பார்க்க, கை கீழே கிடப்பதை அள்ளும். மூன்று வயதுக்குட்பட்டவர்கள் கல்லை விழுங்கிவிடலாம், அவர்களுக்குத் துணிப்பந்து கொடுங்கள். டைல்ஸ் கோட்டின்மேல் நடப்பதும், அரை டம்ளர் தண்ணீரைச் சிந்தாமல் நன்னாவிடம் கொண்டுபோய்க் கொடுப்பதும் விளையாட்டுதான்.

கைக்குழந்தையை உட்காரவைத்து உருட்டும் பிளாஸ்டிக் வாக்கர் மட்டும் வேண்டாம். அதில் குழந்தை தொங்கிக்கொண்டு நுனிக்காலால் உந்துகிறது, தன் பாதத்தைக்கூடப் பார்ப்பதில்லை. படிக்கட்டிலும் அடுப்பருகிலும் ஆபத்து வேறு. கனடா 2004 இல் அதன் விற்பனையையே தடை செய்தது. பழைய மர நடைவண்டி வேறு ரகம். அதில் குழந்தை தன் காலில் நின்று தள்ளும். அப்போதும் பெரியவர் ஒருவர் பக்கத்தில் இருக்க வேண்டும்.

3, 4 வயதுப் பிள்ளைகள் தினமும் 180 நிமிடம் ஓடியாட வேண்டும், திரை ஒரு மணி நேரத்தைத் தாண்டக்கூடாது என்பது உலக சுகாதார நிறுவனம் 2019 இல் சொன்ன கணக்கு.

18 மாதமாகியும் தனியாக நடக்காதது, எப்போதும் நுனிக்காலில் நடப்பது, ஒரு வயதுக்கு முன்பே ஒரே கையை மட்டும் பயன்படுத்துவது, வந்த பழக்கம் மறைந்துபோவது: இவற்றில் ஒன்று தெரிந்தாலும் "அத்தாவும் லேட்டாத்தான் நடந்தாரு" என்று விட்டுவிடாதீர்கள். அங்கன்வாடியில் சொல்லுங்கள். பிறப்பு முதல் 18 வயது வரை பிள்ளைகளின் வளர்ச்சித் தாமதத்தைக் கண்டறிய 2013 முதல் அரசுத் திட்டம் இருக்கிறது, பரிசோதனை இலவசம். எழும்பூர் அரசு குழந்தைகள் நல மருத்துவமனைக்கும் கொண்டுபோய்க் காட்டலாம்.