உஷார்! கண்ணாடி மாட்டி வரும் கருணை

‘தலைவலியும் திருகுவலியும் தனக்கு வந்தால் தெரியும்’ என்பதைக் கருவியாக்கி விற்க ஆரம்பித்துவிட்டார்கள். டாக்டர், நர்ஸ், போலீஸ் தலையில் மெய்நிகர்க் கண்ணாடியை மாட்டினால், சில நிமிடங்களுக்கு அவர் பார்வை மங்கிய கிழவராகவோ மனநோயாளியாகவோ ஆகிவிடுவாராம். கழற்றும்போது இரக்கம் ஒட்டிக்கொண்டிருக்குமாம். கூடவே பேசிப் பழக ஒரு ஏஐ நோயாளி; மார்க்கும் அதுவே போடும். புதூர், விளாத்திகுளம், கோவில்பட்டிப் பக்கம் பிள்ளைகளை நர்சிங், மருத்துவம் படிக்க வைத்திருப்பவர்களே, உஷார்!

அமெரிக்காவில் மின்அதிர்ச்சித் துப்பாக்கி விற்கும் ஆக்சான் நிறுவனம் 2019-லேயே போலீசுக்கு இப்படியொரு பயிற்சியைக் கொண்டுவந்துவிட்டது. (துப்பாக்கியும் அவர்களே, இரக்கமும் அவர்களே!)

இதைக் கேட்டால் கோவில்பட்டிக்காரர்களுக்குச் சாத்தான்குளம் நினைவுக்கு வராமல் இருக்காது. 2020 ஜூன் 19 அன்று அங்கே காவல் நிலையத்துக்குக் கொண்டுபோய் அடிக்கப்பட்ட தந்தையும் மகனும் நம்ம ஊர்க் கிளைச்சிறைக்கு வந்து, நம்ம ஊர் அரசு ஆஸ்பத்திரியில் அடுத்தடுத்து இறந்தார்கள். அடித்த போலீசாரை விடுங்கள். இடையில் உடல்தகுதிச் சான்று கையெழுத்தானது. ரிமாண்ட் உத்தரவும் கையெழுத்தானது. பிறர் வலி எப்படியிருக்கும் என்று தெரியாமலா இது நடந்தது? வலி கண்ணெதிரே வந்து நின்றது. ‘சிறைக்கு அனுப்ப முடியாது’ என்று எழுதத் துணிச்சல் வேண்டும், எழுதியவருக்குப் பாதுகாப்பும் வேண்டும். அதை எந்தக் கண்ணாடியும் தராது. நாளைக்கு இன்னொன்று நடந்தால், ‘எங்கள் ஆட்கள் பயிற்சி முடித்தவர்கள்’ என்று சான்றிதழை நீட்ட வேண்டுமானால் அது உதவும். என் பயம் முக்கியமாக அந்தச் சான்றிதழ் மேல்தான்.

பயிற்சியே கோணலாகப் போவதும் உண்டு. கொலராடோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள், பார்வையுள்ள சிலரின் கண்ணைக் கட்டிச் சின்னச் சின்ன வேலைகளைச் செய்ய வைத்தார்கள். அதற்குப்பின், பார்வையற்றவர்களால் வேலை பார்க்கவும் தனியே வாழவும் முடியும் என்ற நம்பிக்கை கண் கட்டப்பட்டவர்களிடம் குறைந்துபோனது. இருட்டில் முதல்முறை தடுமாறியவர், இருபது வருஷம் அதோடு பழகியவரையும் தன்னைப் போலவே எண்ணிக்கொள்கிறார். அந்த எண்ணத்தோடு ஓர் அதிகாரி, வேலை கேட்டு வரும் மாற்றுத்திறனாளியின் மனுவைப் பிரித்தால்?

இனி, கூடவே வரும் ஏஐ. அது டாக்டரைவிடப் பரிவாகப் பேசுகிறது என்பதற்கு 2023-ல் ‘ஜாமா இன்டர்னல் மெடிசின்’ இதழில் வந்த ஆய்வைக் காட்டுவார்கள். 195 மருத்துவக் கேள்விகள். சாட்ஜிபிடி பதில்களில் 45.1 சதவீதமும், டாக்டர்கள் பதில்களில் 4.6 சதவீதமும் பரிவானவை என்று தேறின. அதே ஆய்வில் இன்னொரு கணக்கும் உண்டு: சாட்ஜிபிடி பதில் சராசரியாக 211 சொல், டாக்டர் பதில் 52. இதில் பரிவு எவ்வளவு, நீட்டி எழுத நேரம் கிடைத்தது எவ்வளவு?

நம்ம பக்கத்து நோயாளி நீட்டியே பேச மாட்டார். மிளகாய்க் காட்டிலிருந்து வந்த அம்மா நெஞ்சைப் பிடித்துக்கொண்டு, “வாய்வுப் பிடிப்புத்தான் சார், ஒரு ஊசி போட்டு விடுங்க, களையெடுப்பு பாதியில கிடக்கு” என்பார். கூலி போய்விடுமே என்று வலியைக் குறைத்துச் சொல்கிறவர். கேட்ட கேள்விக்கெல்லாம் வரிசையாகப் பதில் சொல்லும் ஏஐ நோயாளியிடம் பழகிய கை ஊசியைப் போட்டு அனுப்பிவிடும். அது மாரடைப்பாக இருந்தால் ஆள் விளாத்திகுளம் தாண்ட மாட்டார்.

ஆகவே கல்லூரியில் இந்தக் கருவி வந்தால், அதற்கான நேரம் எதிலிருந்து வெட்டப்படுகிறது என்று முதலில் கேளுங்கள். நோயாளியிடம் பேசும் முறையையும் கற்றுத்தர 2019 முதல் எம்.பி.பி.எஸ். படிப்பில் ‘ஏட்காம்’ என்ற பகுதி இருக்கிறது. மாணவர்கள் கிராமத்துக் குடும்பங்களைத் தத்தெடுத்து, வருஷக்கணக்கில் போய்வரும் ஏற்பாடும் இருக்கிறது. அந்த வெயில் நடையைக் குறைத்து ஏசி அறையில் கண்ணாடி மாட்டுவதாகச் சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள். மார்க் போடுவது மெஷினா மனுஷரா என்பதையும் எழுத்தில் வாங்கிவிடுங்கள்.