பெட்டியில் அச்சிட்ட சொல்லுக்கும் பொறுப்பு உண்டு

பெரிய மானிட்டர் வாங்கப் போகிறவர்கள் முதலில் கேட்பது "எத்தனை இன்ச்?" என்றுதான். கடைக்காரரும் அங்கிருந்தே பேச்சைத் தொடங்குவார். பெட்டியைத் திருப்பிப் பார்த்தால் ஒரு மில்லி செகண்ட், எச்டிஆர், நூறு கோடி நிறங்கள் என்று எண்கள் வரிசைகட்டி நிற்கும். சில அளந்து சொன்னவை, சில வெறும் அலங்காரம். எது எதுவென்று தெரியாமல் பணத்தைக் கட்டிவிட்டு, வீட்டில் திரையைப் பார்த்து முகம் சுளித்து, "நமக்குத்தான் செட் பண்ணத் தெரியலை போல" என்று விட்டுவிடுகிறவர்கள் நிறையப் பேர். சில நேரம் அது உண்மையாகவும் இருக்கும். மற்ற நேரங்களில் சட்டம் அவர்கள் பக்கம் நிற்கிறது. அது அவர்களுக்குத் தெரிவதில்லை.

2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 'குறைபாடு' என்பதற்குத் தரும் விளக்கம் அகலமானது. சட்டமோ ஒப்பந்தமோ கேட்கும் தரம் இல்லாவிட்டால் குறைபாடு. விற்பவர் எந்த வகையிலாவது 'உண்டு' என்று சொன்ன தரம் இல்லாவிட்டாலும் குறைபாடுதான். பெட்டியில் அச்சிட்ட வரி, இணையக் கடையின் பொருள் பக்கம், விற்பனையாளர் வாட்ஸ்அப்பில் அனுப்பிய பதில் எல்லாமே இதற்குள் அடங்கும். ஆகவே பணம் கட்டுவதற்கு முன்பே அந்தப் பக்கத்தை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். விவரப் பட்டியல் நாளைக்கே மாறிவிடலாம்.

முதலில் அளவு. 27 அங்குலம் என்பது மூலைக்கு மூலை குறுக்களவு. '24' என்று விற்பது பெரும்பாலும் 23.8, '32' என்று விற்பது 31.5. இதில் யாரும் பெரிதாக ஏமாறுவதில்லை. ஏமாற்றம் வருவது பிக்சல் எண்ணிக்கையில். 27 அங்குலத் திரையில் 1920x1080 மட்டும் இருந்தால் அங்குலத்துக்கு 82 பிக்சல்தான் கிடைக்கும், தமிழ் எழுத்தின் சுழிகள் படிக்கட்டு வைத்தாற்போலத் தெரியும். அதே அளவில் 2560x1440 எடுத்தால் 109. 32 அங்குலத்தில் 4கே எடுத்தால் 140-க்குப் பக்கத்தில் வரும். நாள் முழுக்க எழுத்தைப் பார்க்கிற வேலை என்றால் இந்த எண்ணைக் கணக்குப் போட்டுப் பார்க்காமல் வாங்காதீர்கள். விலை குறைகிறதே என்று 43 அங்குல டிவியை மானிட்டராக்க நினைப்பவர்களுக்கு ஒரு சொல்: பல டிவிகள் நிற விவரத்தைச் சுருக்கித்தான் காட்டும். சிவப்பு எழுத்தின் ஓரம் கலங்கியிருக்கும்.

அலங்கார எண்களில் முதலிடம் 'டைனமிக் கான்ட்ராஸ்ட்'டுக்கு. கோடிக்கு ஒன்று என்றெல்லாம் போடுவார்கள். திரை முழுக்கக் கருப்பாகும்போது பின்விளக்கை அணைத்துவிட்டு எடுத்த அளவு அது. உண்மையில் ஐபிஎஸ் பேனல் சுமார் 1000:1, விஏ பேனல் சுமார் 3000:1. இருட்டுக் காட்சிகள் நிறைந்த சினிமா பார்க்க விஏ நல்லது. பக்கவாட்டிலிருந்து பார்த்தாலும் நிறம் மாறக்கூடாது என்றால் ஐபிஎஸ். 'ஒரு மில்லி செகண்ட்' என்பதன் பக்கத்தில் எம்பிஆர்டி என்று பொடி எழுத்தில் இருந்தால், பின்விளக்கை விட்டுவிட்டு எரியவைத்து எட்டிய எண் என்று பொருள். அந்த வசதியைப் போட்டால் திரையின் வெளிச்சம் குறையும்.

வெளிச்சத்துக்கும் இருட்டுக்கும் இடையே கூடுதல் வீச்சைக் காட்டும் எச்டிஆர் வசதியின் கதை இன்னும் மோசம். 'எச்டிஆர் ரெடி' என்றால் அந்த சிக்னலை வாங்கிக்கொள்ளும் என்று மட்டுமே பொருள், அழகாகக் காட்டும் என்று எங்கும் சொல்லவில்லை. வெசா அமைப்பு 2017 டிசம்பரில் கொண்டுவந்த டிஸ்ப்ளே-எச்டிஆர் முத்திரையில் 400, 600, 1000 என்று படிகள் உண்டு. எண் குறிப்பது உச்ச வெளிச்சத்தை. 400-ஐ நான் எச்டிஆர் கணக்கிலேயே சேர்ப்பதில்லை. நிறத்தில் '72 சதவீதம் என்டிஎஸ்சி' என்றால் ஏறக்குறைய முழு எஸ்ஆர்ஜிபி, அதாவது இணையப் படங்களுக்கான பொது நிற வரம்பு. '45 சதவீதம்' என்றால் வெளிறிய திரை, அதை எந்தக் கருவியாலும் சரிசெய்ய முடியாது.

இனி டெட் பிக்சல், அதாவது திரையில் கோளாறான புள்ளி. அதிகச் சண்டை நடக்கும் இடம் இது. 2001-இல் வந்த ஐஎஸ்ஓ 13406-2 தரநிலை திரைகளை நான்கு வகுப்பாகப் பிரித்தது. தயாரிப்பாளர்கள் பெரும்பாலும் பற்றிக்கொண்டது இரண்டாம் வகுப்பை. அதன்படி பத்து லட்சம் பிக்சலுக்கு எப்போதும் எரியும் புள்ளி 2, எப்போதும் அணைந்த புள்ளி 2, உட்பிக்சல் கோளாறு 5 வரை 'இயல்பு'. 4கே திரையில் சுமார் 83 லட்சம் பிக்சல்கள். கணக்குப் போட்டால் பதினாறு வெள்ளைப் புள்ளிகள் மின்னினாலும் அது குறையில்லாத மானிட்டர்! பின்னர் 2008-இல் ஐஎஸ்ஓ 9241 வரிசை அதன் இடத்துக்கு வந்தது. அதிலும் வகுப்பு முறை தொடர்கிறது. நடைமுறையில் ஒவ்வொரு நிறுவனமும் தனக்கென்று ஒரு பிக்சல் கொள்கை வைத்திருக்கும். டெல் தன் அல்ட்ராஷார்ப் வரிசைக்கு ஒரே ஒரு ஒளிரும் புள்ளி இருந்தாலும் மாற்றித் தருவதாக உறுதி கொடுக்கிறது. மற்றவற்றில் மூன்று, ஐந்து என்று போகும். இந்தக் கொள்கை பெட்டிமேல் இருக்காது, நிறுவனத்தின் வாரண்டிப் பக்கத்தில் தேட வேண்டும். வாங்கும் முன் தேடுங்கள்.

கடையிலேயே சோதிப்பது எளிது. கருப்பு, வெள்ளை, சிவப்பு, பச்சை, நீலம் என்று ஐந்து முழுநிறப் படங்களை ஒரு பென்டிரைவில் போட்டுக்கொண்டு போய், ஒவ்வொன்றாகத் திறந்து அரை அடி தூரத்தில் நின்று பாருங்கள். சென்னை ரிச்சி தெருக் கடைகளின் நெரிசலில் இதற்கு நேரம் கேட்டால் கடைக்காரர் முனகலாம். முனகட்டும். பின்புற லேபிளில் 'ஆர்' என்று தொடங்கும் எட்டு இலக்க பிஐஎஸ் (இந்தியத் தர நிர்ணய அமைவனம்) பதிவு எண்ணை 'பிஐஎஸ் கேர்' செயலியில் போட்டுப் பாருங்கள். அது மின்பாதுகாப்புக்கான பதிவு, படத்தின் தரத்துக்கான சான்று இல்லை. ஆனாலும் எண் பொய்யென்றால் மற்றதை நம்பக் காரணமில்லை. லேபிளின் சீரியல் எண், பெட்டியின் எண், பில்லின் எண் மூன்றும் ஒன்றாக இருக்கவேண்டும். பில்லில் வரியையும் பாருங்கள். 32 அங்குலத்துக்கு மேற்பட்ட மானிட்டருக்கு 28 சதவீதமாக இருந்த ஜிஎஸ்டி 2025 செப்டம்பர் 22 முதல் 18 சதவீதம்.

வீட்டுக்கு வந்ததும் திரை சரியில்லை என்று தோன்றினால், புகாருக்கு முன் சிலவற்றைச் சரிபார்க்க வேண்டும். கருப்பு சாம்பலாக வெளுத்துத் தெரிகிறதா? எச்டிஎம்ஐ வழியாக கிராபிக்ஸ் கார்டு 'லிமிடெட்' வரம்பில், அதாவது 0-255-க்குப் பதில் 16-235-இல் அனுப்பிக்கொண்டிருக்கும். அமைப்பில் 'ஃபுல்' என்று மாற்றினால் தீர்ந்தது. சர்வீஸ் இன்ஜினியர்கள் வீடு தேடி வந்து இதை மட்டும் மாற்றிவிட்டுப் போன கதைகள் உண்டு. 4கே திரையில் மவுஸ் விட்டுவிட்டு நகர்கிறதா? பழைய எச்டிஎம்ஐ 1.4 இணைப்பில் 4கே விநாடிக்கு 30 முறைதான் புதுப்பிக்கும். 60 வேண்டுமென்றால் எச்டிஎம்ஐ 2.0 அல்லது டிஸ்ப்ளேபோர்ட் 1.2 தேவை. இருட்டறையில் ஐபிஎஸ் திரையின் மூலையில் தெரிந்து, தலையை நகர்த்தினால் கூடவே நகரும் மங்கல் வெளிச்சம் அந்தப் பேனலின் இயல்பு. தலையை எங்கே நகர்த்தினாலும் ஓரத்தில் அப்படியே நிற்கும் ஒளிக்கசிவுதான் புகாருக்குரியது. அதைச் செல்போனில் படமெடுக்கும்போது எக்ஸ்போஷரைப் பூட்டிவிட்டு எடுங்கள். தானியங்கியில் விட்டால் போன் இருட்டைத் தானே வெளிச்சமாக்கிக் காட்டும், எதிர்த்தரப்பு அந்தப் படத்தைச் சுலபமாகத் தள்ளிவிடும்.

இதையெல்லாம் தாண்டி கேலிப்ரேஷன், அதாவது திரையின் வெளிச்சத்தையும் நிறத்தையும் சரியான அளவுக்குக் கொண்டுவருவது. புது மானிட்டர்கள் கடை வெளிச்சத்தில் பளிச்சென்று தெரியவேண்டும் என்பதற்காக 250, 300 நிட் வெளிச்சத்தில் வருகின்றன. சாதாரண அறைக்கு 100 முதல் 120 நிட் போதும். கல்யாண ஆல்பம் செய்யும் ஸ்டூடியோக்காரருக்கு இதன் விலை தெரியும். திரை அளவுக்கு மீறி வெளிச்சமாக இருப்பதால் படத்தை அவர் இருட்டாக்குவார். ஆல்பம் அச்சாகி வரும்போது மணப்பெண்ணின் அரக்குப் புடவை கருப்பாக, கரை எங்கே முடிகிறது என்றே தெரியாமல் இருக்கும். வாடிக்கையாளர் திட்டுவது ஸ்டூடியோவை, ஸ்டூடியோ திட்டுவது லேபை.

கருவி இல்லாமலும் பாதிக்குமேல் சரிசெய்யலாம். ஜன்னல் வெளிச்சம் நேராக விழாத இடத்தில் வைத்து, அரைமணி நேரம் திரை ஓடட்டும். நைட் லைட், 'விவிட்', 'சினிமா' போன்ற முறைகள், தானியங்கி வெளிச்சம் எல்லாவற்றையும் அணையுங்கள். ஒரு வெள்ளை ஏ4 தாளைத் திரையின் பக்கத்தில் பிடியுங்கள். வெள்ளைத் திரை டியூப்லைட்போல் அதை விழுங்கினால் பிரைட்னஸைக் குறையுங்கள், இரண்டும் ஒன்றுபோல் தெரியும்வரை. கான்ட்ராஸ்டைப் பெரும்பாலும் நிறுவனம் வைத்த இடத்திலேயே விடுவது நல்லது, ஏற்றினால் வெள்ளைச் சட்டையின் மடிப்புகள் காணாமல் போகும். நிற வெப்பநிலை 6500, காமா 2.2. 9300-இல் வைத்தால் நீலம் பாரிக்கும். நம்மில் பலர் அதைத்தான் 'நல்ல வெள்ளை' என்று பழகியிருக்கிறோம். கடைசியாக விண்டோஸில் உள்ள நிறக் கேலிப்ரேஷன் கருவியை ஒருமுறை ஓட்டுங்கள்.

நிறத்தை நம்பிப் பிழைப்பவர்களுக்கு இது போதாது. ஸ்பைடர், கேலிப்ரைட் போன்ற கலரிமீட்டர் ஒன்று வேண்டும், அல்லது வைத்திருக்கும் நண்பரிடம் மாதம் ஒருமுறை வாங்க வேண்டும். டிஸ்ப்ளேகால், ஆர்கில் போன்ற இலவச மென்பொருள்களுடன் அது நன்றாகவே வேலை செய்யும். இணையத்தில் யாரோ ஏற்றிய ஐசிசி ப்ரொஃபைலை (திரையின் நிறத்தைத் திருத்தும் கோப்பு) இறக்கிப் போடாதீர்கள். ஒரே மாடலில் இரண்டு பேனல்கள்கூட ஒன்றுபோல் இருப்பதில்லை. சிவகாசிக்கு வேலை அனுப்புகிறவர் அச்சகத்தின் ப்ரொஃபைலைக் கேட்டு வாங்கி, அச்சில் எப்படி வரும் என்பதைத் திரையிலேயே காட்டும் சாஃப்ட் ப்ரூஃபில் பார்த்துவிட்டு அனுப்பினால் பாதித் தகராறு குறையும். நிற அகலம் கூடிய மானிட்டர் வாங்கியவர்கள் வலைத்தளப் படங்களில் எல்லா முகமும் சிவந்து தெரிந்தால் எஸ்ஆர்ஜிபி முறைக்கு மாற்றுங்கள். நிறப் பிழையின் அளவு 'டெல்டா ஈ 2-க்குக் கீழ்' என்று சொல்லிப் பெட்டிக்குள் வைத்த தொழிற்சாலைத் தாளைத் தூக்கிப் போடாதீர்கள். அதுவும் விற்பவர் சொன்ன சொல்தான்.

கண்ணைப் பற்றி ஒரே ஒரு வரி: கை நீட்டும் தூரம், திரையின் மேல்விளிம்பு கண்மட்டத்தில், அவ்வப்போது தூரப் பார்வை. நீலஒளிக் கண்ணாடியால் கண்சோர்வு குறைவதாகத் தெரியவில்லை என்று 2023-இல் காக்ரேன் ஆய்வுத் தொகுப்பு சொல்லிவிட்டது.

எல்லாம் பார்த்தும் குறை நிற்கிறது என்றால் என்ன வழி? பெட்டியைப் பிரிக்கும்போதே, சீரியல் எண் தெரிய, வெட்டில்லாத வீடியோ எடுத்திருந்தால் நல்லது. விரிசல் விட்ட பேனலுக்கு 'வெளிக்காயம், வாரண்டி இல்லை' என்ற பதில்தான் வரும், அது கூரியரில் நேர்ந்தது என்று காட்ட அதைவிட நல்ல சாட்சி கிடையாது. இணையத்தில் வாங்கியிருந்தால் 2020-ஆம் ஆண்டு மின்வணிக விதிகளின்படி, அந்தத் தளத்தின் குறைதீர் அலுவலர் 48 மணி நேரத்துக்குள் புகாரை ஏற்றதாகத் தெரிவித்து, ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். பொருள் பழுதாக இருந்தாலும், விளம்பரத்தில் சொன்ன அம்சம் இல்லாவிட்டாலும், விற்பவர் திரும்ப எடுக்க மறுக்கக்கூடாது. கடையில் வாங்கினால், பில்லில் குறிப்பிட்ட கெடுவுக்குள், அப்படி எதுவும் இல்லையென்றால் 30 நாளுக்குள், பழுதான பொருளைத் திரும்பப் பெற மறுப்பது நியாயமற்ற வணிக நடைமுறை. 'விற்ற பொருள் வாபஸ் இல்லை' என்ற வரி பழுதான பொருளுக்குக் கவசம் ஆகாது. அளவு பிடிக்கவில்லை, மேசையில் பொருந்தவில்லை என்பதற்கு மட்டும் இந்த உரிமை வராது.

அடுத்தது 1915. தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் தமிழிலேயே பேசலாம், அழைப்பு இலவசம். வழக்கு போடும் முன்பே அங்கே தீரும் புகார்கள் நிறைய. தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். செலுத்திய தொகை 5 லட்சம் ரூபாய் வரை இருந்தால் கட்டணமே இல்லை. வக்கீல் கட்டாயமில்லை. இ-ஜாக்ரிதி இணையதளத்தில் வீட்டிலிருந்தே தாக்கல் செய்யலாம். நிறுவனம் டெல்லியில் இருக்கட்டும், நீங்கள் வசிக்கும் அல்லது வேலை பார்க்கும் மாவட்டத்தில் வழக்குப் போட உங்களுக்கு உரிமை உண்டு. குறையை ஆய்வகத்தில் சோதித்துத்தான் சொல்லமுடியும் என்றால் ஆணையம் அங்கே அனுப்பும். சோதனை இல்லாத வழக்குக்கு மூன்று மாதம், சோதனை உள்ளதற்கு ஐந்து மாதம் என்று சட்டம் கெடு வைக்கிறது. நடைமுறையில் அது தள்ளிப்போவதுண்டு.

ஸ்டூடியோ வைத்திருப்பவர்களும் வீட்டிலிருந்து டிசைன் செய்பவர்களும் ஒன்றை மறக்கக்கூடாது. வணிக நோக்கத்துக்கு வாங்கியவர் சட்டப்படி நுகர்வோர் ஆகமாட்டார் என்று எதிர்த்தரப்பு முதல் வாதமாகவே வைக்கும். ஆனால் சுயதொழில் மூலம் பிழைப்புக்காக மட்டும் வாங்கியவரைச் சட்டம் நுகர்வோராகவே ஏற்கிறது. புகார் மனுவின் முதல் பத்தியிலேயே அதை எழுதிவிடுங்கள்.

காலக்கெடு, வழக்குக்கான காரணம் எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டு. மானிட்டருக்கு வாரண்டி பல நிறுவனங்களில் மூன்று ஆண்டு. கடையில் தரும் தெர்மல் தாள் பில்லின் எழுத்தோ அதற்கு வெகு முன்பே அழிந்துவிடும். வாங்கிய அன்றே அதை ஜெராக்ஸ் எடுத்து, போனிலும் ஒரு படம் எடுத்து வையுங்கள்.